மதுரையும் தீர விசாரித்தலும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் பழகிப்போன பழமொழி. பதறாத காரியம் சிதறாது என்பது இன்னொன்று. இரண்டும் தனி மனிதருக்குச் சொல்லும் புத்திமதி போலவே ஒலிக்கின்றன. நிதானமாக இரு, யோசித்துச் செய், அவசரப்படாதே என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்த நாம், ஆராய்ந்து முடிவெடுப்பதை ஒருவரின் குணமாகவே எண்ணிவிட்டோம்.

மதுரையின் நீண்ட வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. இங்கே நன்கு ஆராயப்பட்ட முடிவுகளும் உண்டு, ஆராயாமல் எடுத்து அழிவில் முடிந்தவையும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், முடிவெடுத்தவரின் குணத்தைவிட அவரைச் சுற்றி இருந்த ஏற்பாடே பெரும்பாலும் விளைவைத் தீர்மானித்திருக்கிறது. மறுதரப்பு பேச இடம் இருந்ததா? சந்தேகத்தைச் சொன்னவர் குரலுக்கு மதிப்பு இருந்ததா? காரணம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா? தவறென்று தெரிந்தால் திரும்பி வர வழி இருந்ததா? இந்தக் கேள்விகளோடு சங்க இலக்கியத்திலிருந்து மேலூர்ப் பக்கத்துக் கிராம சபை வரை பார்த்து வருவதே இக்கட்டுரை.

சொற்கள் காட்டும் தடம்

ஆராய்ந்து எண்ணுவதற்குத் தமிழில் சொல் வளம் அதிகம். எண்ணுதல், கருதுதல், ஓர்தல், தேர்தல், சூழ்தல், உசாவுதல், ஆய்தல் என்று பழைய நூல்களில் வரிசையாக வரும். இவற்றுள் ஓர்தல் ஒருவர் தம் உள்ளத்துக்குள் செய்வது. உசாவுதல் பிறரைக் கேட்டுச் செய்வது. சூழ்தல் பலர் கூடி ஒரு செயலின் முன்பின் பார்ப்பது. தேர்தல் என்றால் பலவற்றைச் சோதித்துத் தெளிவது.

இன்று சூழ்ச்சி என்றால் சதி. வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தை அந்தச் சொல்லை வைத்தே தொடங்குகிறார். அங்கே அதற்கு ஆலோசனை என்றே பொருள். ஆலோசனையின் முடிவு துணிவு கொள்வது, துணிந்தபின் காலம் தாழ்த்துவது தீது என்பது அந்தக் குறளின் கருத்து. தேர்தல் இன்று வாக்குச் சாவடியைக் குறிக்கிறது. அலுவலகத் தமிழில் வழங்கும் பரிசீலனை என்ற சொல்லுக்கு மக்கள் தாமாகவே ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள்: பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தால் இப்போதைக்கு நடக்காது என்று அர்த்தம். கூடிப் பேசுவது சதியாகவும் ஆராய்வது தாமதமாகவும் மாறிவிடக்கூடிய ஆபத்து எப்போதும் இருந்திருக்கிறது. பின்னால் வரும் வரலாற்றில் இரண்டையும் காணலாம்.

ஒரே நாளில் இரண்டு விசாரணை

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கி மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரை நகரின் அறங்கூறவையத்தை விவரிக்கிறது. அங்கு அமர்ந்தவர்கள் அச்சம், வருத்தம், ஆசை, சினம், மகிழ்ச்சி எதற்கும் இடம் கொடாமல் துலாக்கோல் போல் நடுநின்று அறம் சொன்னார்கள் என்கிறது. சினத்தை மட்டும் விலக்கச் சொல்லாமல் மகிழ்ச்சியையும் விலக்கச் சொன்னது கவனிக்கத் தக்கது. எதிரி மீது கோபம் எவ்வளவு கண்ணை மறைக்குமோ, வேண்டியவர் மீதுள்ள பிரியமும் அவ்வளவு மறைக்கும்.

அப்படியோர் அவையத்துக்குப் பேர் பெற்ற மதுரையில்தான் கோவலன் கதை நடக்கிறது. சிலப்பதிகாரத்தைப் பொதுவாக ஆராயாத அரசனின் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். கொலைக்களக் காதையை நிதானமாக வாசித்தால் அதற்குள் இன்னொரு கதை இருக்கிறது. ஊடல் கொண்ட தேவியைத் தேடி அரசன் அந்தப்புரம் போகும் வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். தேவியின் சிலம்பைத் திருடியவன் தன் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் சபையில் இல்லை, அமைச்சர் அருகில் இல்லை, மனமோ வேறிடத்தில். அவன் இட்ட ஆணையில்கூட ஒரு நிபந்தனை இருந்தது: சிலம்பு அவன் கையில் இருக்குமானால் கொன்று எடுத்து வாருங்கள் என்பதுதான் ஆணை. ஆனால் கையில் இருப்பது அரசியின் சிலம்புதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஆணையில் இடமே இல்லை.

அதன்பின் வருவதுதான் முக்கியமான இடம். கோவலனைப் பார்த்த காவலர்கள் தயங்குகிறார்கள். இவன் முகக்குறியும் தோற்றமும் கள்வனுக்குரியவை அல்ல, இவன் கொலைப்படத் தக்கவன் இல்லை என்று வாய்விட்டே சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்து, களவு நூல் கற்றவன் போல விரிவுரை தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணை உண்டென அடுக்குகிறான். காவலரில் இளைஞன் ஒருவன், தான் இரவில் ஒரு கள்வனிடம் வாளைப் பறிகொடுத்த கதையைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று மற்றவர்களையே கேட்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கல்வியறிவற்ற ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

அங்கே சந்தேகம் இருந்தது, அது வாய்விட்டும் சொல்லப்பட்டது. சந்தேகப்பட்டவர்களுக்கு நிறுத்தும் அதிகாரம் இல்லை. குற்றம் சாட்டியவனே நிபுணனாகவும் பேசினான். குற்றம் சாட்டப்பட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இளங்கோவடிகள் அந்தச் சில நிமிடங்களைக் காவலர்களின் பேச்சோடு விரித்து எழுதியதால்தான் பழி ஒருவர் தலையில் மட்டும் விழாமல், ஏற்பாடே எங்கே உடைந்தது என்பது நமக்குத் தெரிகிறது.

அடுத்து நடந்தது இரண்டாவது விசாரணை. கோவலனின் மனைவி கண்ணகி வந்தாள். அரசன் அவளை உள்ளே அழைத்தான், நீ யார் என்று கேட்டான், அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். கள்வனைக் கொல்வது நீதி என்ற தன் வாதத்தையும் சொன்னான். அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பு கொண்டுவரப்பட்டது, உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. இரு தரப்பும் கேட்கப்பட்டு, சோதிக்கத்தக்க சான்று முன்வைக்கப்பட்டு, அரசனே தன் தவறை ஏற்ற விசாரணை அது. காலையில் செய்திருக்க வேண்டியதெல்லாம் மாலையில் முறையாக நடந்தது. அரசன் அதே அரசன்தான். வழக்கு நடந்த இடமும் முறையும்தான் மாறியிருந்தன.

திருக்குறள் இந்த ஏற்பாட்டைக் கூறு கூறாகப் பிரித்து வைத்திருக்கிறது. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று செயலுக்கு முன் பார்க்க வேண்டியவை நான்கு அதிகாரங்கள். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் ஆகிய இரண்டும் ஆளைச் சோதித்து நம்புவதும், நம்பிய பின் பொறுப்பை ஒப்படைப்பதும். எண்ணித் துணிய வேண்டும், துணிந்தபின் எண்ணுவோம் என்பது இழுக்கு என்று சொன்ன வள்ளுவரே, ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியவரைப் பிறகு சந்தேகிப்பதையும் ஒரே குறளில் தீராத துன்பம் என்று சேர்த்துச் சொல்கிறார். ஆராய்தலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது இதன் பொருள்.

சங்கப் பலகையும் கேட்கும் காதும்

மதுரையின் புகழே ஆராயும் அவையால் வந்தது. திருக்குறள் பொற்றாமரைக் குளக்கரையில் சங்கப் பலகையேறி அரங்கேறியது என்பது மரபுக் கதை. நக்கீரர் இறைவனின் பாட்டிலேயே குற்றம் கண்டார் என்ற திருவிளையாடற் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாடியவர் யார் என்பதை வைத்துப் பாட்டை எடைபோடக் கூடாது என்ற நெறியை அக்கதை தாங்கி நிற்கிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இறையனார் களவியலுரை தரும் கதை. பாண்டிய நாட்டில் 12 ஆண்டுப் பஞ்சம். புலவர்கள் சிதறிப் போகிறார்கள். மழை பெய்தபின் திரும்பி வந்தவர்களுள் பொருளதிகாரம் வல்லார் இல்லை. இறைவன் அருளிய 60 சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர் ஆளுக்கோர் உரை எழுத, எது மெய்யுரை என்று முடிவு செய்ய ஆள் இல்லை. ஒவ்வொருவரும் தம் உரையே சிறந்தது என்றால் நடுவர் யார்? உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப் பிள்ளையை அமர்த்துகிறார்கள். அவன் எல்லார் உரையையும் கேட்கிறான். மருதனிளநாகனார் உரையில் சில இடங்களில் கண்ணீர் வார மெய்சிலிர்க்கிறான். நக்கீரர் உரையைக் கேட்கும்போது பதந்தோறும் அப்படி ஆகிறான். அவ்வுரை ஏற்கப்படுகிறது.

இதைப் புராணமாகவே எடுத்துக்கொள்வோம். அது எழுப்பும் சிக்கல் மெய்யானது. போட்டியில் இருப்பவர்களே தீர்ப்பும் சொல்லக் கூடாது. நடுவராக அமர்பவர் முழுவதையும் கேட்டு முடிக்க வேண்டும். பேச முடியாத குழந்தையை நடுவராக்கிய கதை, பேசும் வாயை விடக் கேட்கும் காதுக்குச் சபையில் மதிப்பு அதிகம் என்று சொல்கிறது.

வாதம் எதனால் முடிந்தது?

மதுரையைச் சுற்றிய குன்றுகளில் சமணர் வாழ்ந்த குகைகள் பல. மாங்குளம், கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, யானைமலை என்று அடுக்கலாம். மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழு கூட்டாகக் கொடை தந்த செய்தி வருகிறது. கூடி முடிவெடுத்த குழுவொன்றின் மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று. எந்தப் பொருளையும் ஒரு கோணத்தில் மட்டும் பார்த்து முடிவாகச் சொல்லிவிடக் கூடாது என்ற அநேகாந்தக் கொள்கை சமணத்தின் அடித்தளம்.

அதே மதுரையில் சமணருக்கும் சைவருக்கும் நடந்த வாதத்தை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்தார். மங்கையர்க்கரசியும் குலச்சிறையாரும் அழைக்கத் திருஞானசம்பந்தர் வருகிறார். அனல்வாதத்தில் ஏட்டைத் தீயில் இடுகிறார்கள், புனல்வாதத்தில் வைகையில் விடுகிறார்கள். சம்பந்தரின் ஏடு எதிரேறிக் கரை சேர்ந்த இடம் சோழவந்தான் அருகே உள்ள திருவேடகம். தோற்ற சமணர் கழுவேறினர் என்கிறது புராணம். பக்தி வரலாற்றில் இதன் இடம் வேறு. ஆராய்தலின் வரலாற்றில் பார்த்தால், இரு தரப்பின் காரணங்களை எடைபோடாமல் ஏட்டை நெருப்பிலும் நீரிலும் இட்டு முடிவு செய்த வாதம் இது. தோற்றவர் உயிரே பணயமாக இருந்தால் அங்கே யாரும் மனம் மாற முடியாது.

இதற்கு மாறான மரபு பட்டிமண்டபம். மணிமேகலையில் புகார் நகரத்து விழா முரசறைவோன், வாதம் செய்ய வல்லவர்கள் பட்டிமண்டபம் ஏறுங்கள் என்கிறான். பகைவரிடம்கூடச் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகுங்கள் என்கிறான். குன்றக்குடி அடிகளார் போன்றோர் அதைப் பட்டிமன்றமாக இந்தக் காலத்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார். நகைச்சுவை மிஞ்சிவிட்டது என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் தனக்கு உடன்பாடில்லாத தரப்பின் வாதத்தையும் கடைசிவரை உட்கார்ந்து கேட்கும் பழக்கத்தை லட்சக்கணக்கான தமிழருக்குக் கொடுத்தது பட்டிமன்றம்தான். நடுவர் இரு பக்கமும் உள்ள நியாயத்தை எடுத்துச் சொல்லிய பிறகே தீர்ப்புக்கு வருவார் என்பது அதன் எழுதாத சட்டம்.

சபைக்கு விதி எழுதியவர்கள்

பாண்டிய நாட்டு ஊர்ச்சபை எப்படி நடக்க வேண்டும் என்று கல்லில் எழுதியவர்களும் உண்டு. திருநெல்வேலிக்கு அருகே மானூரில் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு, ஏறத்தாழ 800-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சபையில் இருக்கத் தகுதி என்ன என்று சொல்வதோடு, கொண்டுவரப்படும் ஒவ்வொன்றுக்கும் அன்று அன்று (அல்ல, அல்ல) என்று சொல்லி முட்டுக்கட்டை போடுபவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது. எதிர்ப்புக்குத் தடையில்லை, காரணம் இல்லாமல் எல்லாவற்றையும் முடக்குவதற்குத்தான் தண்டம்.

பாண்டிய நாட்டுக்கு வெளியே, சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறையை எல்லாரும் போற்றுகிறோம். அதில் மிகக் கூர்மையானது கணக்கு பற்றிய விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி பெயர் எழுதிப் போட முடியாது. முடிவெடுத்தவர் பின்னால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடப்பாடு இருந்தால்தான் முன்னால் யோசிப்பார்.

இந்தச் சபைகள் பிராமணக் குடியிருப்புகளின் சபைகள். நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கே அங்கு இடம். உழுதவரும் நெய்தவரும் பெண்களும் அவற்றின் முடிவுகளைச் சுமந்தார்களே தவிர அவற்றைப் பேசும் இடத்தில் இல்லை. விதி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், பாதிக்கப்படுபவர் சபைக்கு வெளியே நின்றால் ஆராய்ச்சி அரைகுறைதான். இந்தக் குறை மதுரைச் சமவெளியில் ஆயிரம் ஆண்டு கழித்தும் தீராமல் வந்து நின்றது.

மேலமாசி வீதியில் ஒரு முடிவு

ஒரு தனி மனிதர் தம்மோடு தாமே எப்படி ஆராயலாம் என்பதற்கும் மதுரை சான்று தருகிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, அரைவேட்டியோடு பொதுவாழ்வுக்கு வந்தார். ஏழைகளைப் பார்த்தார், உடனே உடை மாற்றினார் என்று கதையாகச் சொல்லப்படுகிறது. அவரே எழுதியது வேறு.

முதலில் குல்னா பஞ்சத்தின்போது அந்த எண்ணம் வந்தது. அதில் தன்முனைப்பின் சாயல் இருப்பதாகப் பட்டு அடக்கிக்கொண்டார். இரண்டாவது, மௌலானா முகமது அலி தம் கண்முன் கைது செய்யப்பட்ட வேளை. அப்போதே தொப்பியையும் சட்டையையும் கழற்றத் தோன்றியது. அது கூட்டத்தில் பரபரப்புக் காட்சியாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டார். மூன்றாவது, சென்னை மாகாணப் பயணத்தில் கதர் வாங்கக் காசில்லை என்று மக்கள் சொன்னபோது. இம்முறை உந்துதலில் தம்மைப் பற்றிய எதுவும் இல்லை, மக்களுக்குச் சொல்ல ஒரு பதில் மட்டுமே இருந்தது. முடிவெடுத்தார். அறிவித்தபோதும் அக்டோபர் 31 வரையாவது என்று கெடு வைத்தே அறிவித்தார். கெடுவுக்குப் பின் தொடர்ந்தது வாழ்நாள் முழுக்க நிலைத்தது.

செயல் மூன்று வேளையும் ஒன்றுதான், காரணம்தான் வேறு. முதல் இரண்டு காரணங்களைச் சோதித்துத் தள்ளி, மூன்றாவதை ஏற்று, அதையும் தற்காலிகமாக வைத்துப் பார்த்த அந்த ஒழுங்கு, தீர விசாரித்தலைத் தன் நெஞ்சுக்குள் நடத்திய முறை.

ஆராய்கிறோம் என்ற பெயரில் தாமதம்

ஆராய்தலுக்குள் ஓர் அநீதியும் ஒளிந்துகொள்ள முடியும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் போகலாமா என்ற கேள்வியை ஆராய்ந்து ஆராய்ந்தே பல தலைமுறைகள் கழிந்தன. ஆகம விதி என்ன, பக்தர் மனம் புண்படுமா, காலம் கனிந்துவிட்டதா என்று கேள்விகள் நீண்டன. திருவிதாங்கூரில் 1936-இல் கோயில்கள் திறந்தன. மதுரையில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் 1939 ஜூலை 8 அன்று கக்கன் உள்ளிட்டோர் கோயிலுக்குள் சென்றார்கள். அதன் பிறகே ராஜாஜி அரசின் சட்டப் பாதுகாப்பு வந்தது.

வெளியே நிறுத்தப்பட்டவருக்கு ஒவ்வொரு நாளும் இழப்பு. உள்ளே இருப்பவருக்குக் காத்திருப்பதால் செலவே இல்லை. இப்படிச் சுமை ஒரு பக்கமே விழும்போது இன்னும் யோசிப்போம் என்பது நடுநிலையாகாது. துணிந்தபின் காலம் தாழ்த்துவது தீது என்ற குறளுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

கோயில் திறந்தபின்னும் ஊராட்சியில் இதே தடை தொடர்ந்தது. மேலூர் வட்டம் மேலவளவில், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்வான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பும் வழியில், உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். உசிலம்பட்டிப் பக்கம் அவ்வாறே ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிபட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் பெயரளவில்கூட நிலைக்கவில்லை. வேட்புமனு வராது, வந்தாலும் வென்றவர் உடனே பதவி விலகுவார். ஊரே சேர்ந்து எடுத்த முடிவு என்று அதற்குப் பெயர். அந்த ஊர்க் கூட்டத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், யார் கூப்பிடப்படவே இல்லை என்று கேட்டால் அது எத்தகைய முடிவு என்பது விளங்கும்.

2006-இல் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அப்போதைய ஆட்சியர் த. உதயச்சந்திரன் காலத்தில் அரசு ஊர்த் தரப்பினருடன் பொறுமையாகப் பேச்சுவார்த்தை நடத்தியது, அதே வேளையில் தேர்தல் நடந்தே தீரும் என்பதில் உறுதியாக நின்றது. தலைவர்கள் தேர்வாகிப் பதவியில் தொடர்ந்தார்கள். 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாப்பாபட்டிக் கிராம சபையிலேயே வந்து அமர்ந்தார். எவ்வளவு நேரமும் பேசலாம், சமத்துவம் மட்டும் பேரத்துக்கு உரியதல்ல என்ற எல்லைக்கோடு 2006 பேச்சுவார்த்தையில் தெளிவாக இருந்தது.

வாடிவாசலிலிருந்து நீதிமன்றம் வரை

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கியது. அதுவரை கன்னியாகுமரிக்காரர் ஒரு மேல்முறையீட்டுக்கு ராப்பயணமாகச் சென்னை போக வேண்டும். விசாரிக்கும் இடம் எட்டும் தூரத்தில் இருப்பதும் நீதியின் ஒரு பகுதி.

ஜல்லிக்கட்டு வழக்கு அந்தக் கிளையில்தான் 2006-இல் பிறந்தது. ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த மனுவில் தனி நீதிபதி ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை விதித்தார். 2007-இல் டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது. 2009-இல் மாநிலச் சட்டம், 2011-இல் காளையைக் காட்சி விலங்குத் தடைப் பட்டியலில் சேர்த்த மத்திய அறிவிக்கை, 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத் தடை என்று தொடர்ந்தது. 2017 ஜனவரியில் மெரினாவும் அலங்காநல்லூரும் பொங்கி எழுந்தன. ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம். மறுநாள் தொடங்கிவைக்க வந்த முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வத்திடம், நிரந்தரத் தீர்வு வரட்டும் என்று சொல்லி அலங்காநல்லூர் மக்கள் வாடிவாசலைத் திறக்கவில்லை. 23-ஆம் தேதி சட்டப்பேரவை திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் அவசரத்தில் பிறந்தது. அதை அரசியல் சாசன அமர்வு எடுத்து ஆராய்ந்து 2023 மே 18 அன்று செல்லும் என்றது. ஜல்லிக்கட்டு பண்பாட்டின் பகுதியா என்று முடிவு செய்ய நீதிமன்றத்தை விடச் சட்டப்பேரவையே தகுந்த இடம் என்பது அத்தீர்ப்பின் முக்கியமான கருத்து. எந்தக் கேள்வியை எந்தச் சபை ஆராய வேண்டும் என்பதும் ஆராய வேண்டிய கேள்விதான். 17 ஆண்டுகள் இரு தரப்பும் வழக்காடியதில் விளையாட்டுக்கும் பயன் கிடைத்தது. இன்று அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் கால்நடை மருத்துவர் காளையைச் சோதிக்கிறார், வீரர்களுக்கு உடற்தகுதிச் சோதனை நடக்கிறது, இரட்டைத் தடுப்பு வேலி நிற்கிறது. எதிர்த்தவர்கள் கேட்ட கேள்விகள்தான் இவற்றுள் பலவற்றைக் கொண்டுவந்தன.

அரிட்டாபட்டி சொல்வது

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதி ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. அன்றைய நடைமுறைப்படி ஏலம் முதலில், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் சுற்றுச்சூழல் அனுமதிக் கட்டத்தில். துணிந்தபின் எண்ணுவோம் என்பதே அரசு நடைமுறையாக இருந்தது.

மேலூர் வட்டத்துக் கிராம சபைகள் அதே நவம்பரில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை மக்கள் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் வென்றார்கள் என்று மகிழலாம். ஆனால் திட்டம் தீட்டும்போதே அந்த ஊர்களைக் கேட்டிருந்தால் இரண்டரை மாதப் பதற்றம் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

கிராம சபை அரசியல் சாசனத்தின் 73-ஆவது திருத்தம் தந்த மன்றம். தமிழ்நாட்டில் குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். வாக்குரிமை உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். மானூரும் உத்திரமேரூரும் வெளியே நிறுத்தியவர்கள் எல்லாரும் இதற்குள் இருக்கிறார்கள். நடைமுறையில் பல ஊர்களில் என்ன நடக்கிறது? ஊரக வேலைத் திட்டத்தில் இருப்பவர்களை வேலைத்தளத்திலிருந்து அழைத்து வந்து குறைவெண் காட்டுகிறார்கள். ஊராட்சிச் செயலர் முன்பே தட்டச்சு செய்த தீர்மானங்களை வேகமாக வாசிக்கிறார். வரவு செலவு ஒரு மூச்சில் முடிகிறது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்கள் எழுந்து போகிறார்கள். கேள்வி கேட்பவரைப் பார்த்து, வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்ணே என்று சொல்லி உட்கார வைக்கிறார்கள்.

இதைச் சரிசெய்யப் புதுச் சட்டம் தேவையில்லை. பேசப்போகும் பொருள் பட்டியல் ஒரு வாரம் முன்பே ரேஷன் கடையிலும் பள்ளியிலும் ஒட்டப்பட வேண்டும். மறுத்துப் பேசியவரின் காரணமும் தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். சென்ற கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆயிற்று என்பதே ஒவ்வொரு கூட்டத்தின் முதல் பொருளாக இருக்க வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் முதலில் பேசும் வாய்ப்பு வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசியபின் இவர்கள் வாய் திறக்கத் தயங்குவதை ஊரில் வளர்ந்த எவரும் அறிவர். ஊரின் நிலத்தையும் நீரையும் தொடும் எந்தத் திட்டமும் ஒப்பந்தத்துக்கு முன்பே இந்தச் சபைக்கு வர வேண்டும்.

பாண்டியன் கெட்டவன் என்பதால் கோவலன் சாகவில்லை. தயங்கிய காவலருக்கு நிறுத்து என்று சொல்லும் உரிமை இல்லாததால் செத்தான். அந்த உரிமையை இன்று சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறது. அடுத்த கிராம சபைக்குப் போய், கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேட்டு, அதற்குப் பதில் வரும்வரை இருந்து வருவது நம் கையில் இருக்கிறது.